இடுப்பு மூட்டு தேஞ்சவங்களுக்கு மோட்டார் கருவி: காலை வீசுறதா, எடையைத் தாங்குறதா?

இடுப்பு மூட்டு தேய்மானம் இருக்குறவங்க வீட்டுல, இடுப்புலயும் கால்லயும் மாட்டிக்கிற மோட்டார் வச்ச நடை கருவி பத்தி விசாரிக்கும்போது விலையையும் பேட்டரியையும்தான் முதல்ல கேக்குறாங்க, ஆனா நான் கேக்கச் சொல்றது அந்தக் கருவி காலை எடுத்து வீச உதவுதா, இல்ல உடம்பு எடையில ஒரு பங்கைத் தானே வாங்கிக்குதாங்கறதைத்தான்.

ஹோண்டா ரெண்டையுமே செஞ்சிருக்கு. வாக்கிங் அசிஸ்ட்ங்கறது 1999ல ஆராய்ச்சி ஆரம்பிச்சு 2015 நவம்பர்ல ஜப்பான்ல ஆஸ்பத்திரிகளுக்கு லீசுக்கு விட்டது. சுமார் 2.7 கிலோ, ஒரு சார்ஜுக்கு ஒரு மணி நேரம். இடுப்புல பெல்ட், ரெண்டு பக்கமும் மோட்டார், அங்கேருந்து தொடைக்கு இறங்குற ஃபிரேம், மூட்டு எந்தக் கோணத்துல இருக்குன்னு சென்சார் பார்த்து காலை முன்னாடி எடுக்கவும் பின்னாடி உந்தவும் கை கொடுக்கும். ரெண்டு காலும் ஒரே அளவா எட்டு வைக்கப் பழக்க ரொம்ப நல்லது, அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத்தான்.

ஆனா இடுப்பு மூட்டுக்காரங்களுக்கு வலியில உயிர் போற நேரம் ஒத்தைக்கால்ல எடை இறங்குற அந்த நொடி. மறுபக்கம் இடுப்பு கீழ சாயாம இருக்க இடுப்போட பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கணும், அந்த இழுப்பும் உடம்பு எடையும் சேர்ந்து மூட்டு மேல உக்காருது, சாதாரண நடையிலயே எடையைப் போல சுமார் ரெண்டரை மடங்கு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ! முன்னும் பின்னும் தள்ளுற மோட்டார் இந்தப் பக்கவாட்டு வேலையைச் செய்யுறதில்ல.

அதனாலதான் ஹோண்டா 2008ல காட்டுன இன்னொரு கருவி எனக்குப் பெருசாத் தெரியுது. ஷூவும் மடங்குற கால் ஃபிரேமும் நடுவுல சின்ன சீட்டும், உக்காந்த மாதிரியே நடக்கலாம், எடையில ஒரு பங்கு சீட்டு வழியா தரைக்குப் போயிடும். மொத்தம் 6.5 கிலோ, ஜப்பான்ல சைத்தாமாவுல இருக்குற அவங்க கார் ஃபேக்டரியில தொழிலாளிங்களை வச்சு சோதிச்சாங்க. யோசனையா பார்த்தா இதுதான் தேஞ்ச மூட்டுக்குப் பொருத்தம்.

ஜப்பான் சைபர்டைன் கம்பெனியோட ஹால் (HAL)ங்கற கருவி தோல்ல சென்சார் ஒட்டி தசைக்கு வர்ற சிக்னலைப் படிச்சு வேலை செய்யுது, 2015ல ஜப்பான்ல அனுமதி கிடைச்சது நரம்பு-தசை நோய்களுக்கு, மூட்டு தேய்மானத்துக்கு இல்ல. இப்ப வர்ற ஹைப்பர்ஷெல் மாதிரி சுமார் 2 கிலோ மாடல்கள் மலையேறுறவங்களுக்கானது. களைப்பு தெரியாம கூடுதல் தூரம் நடந்துடுவோம், மூட்டோ ஒவ்வொரு அடியிலயும் எடை வாங்கிட்டே இருக்கும், அதுதான் என் கவலை.

இவ்வளவுக்கும் நடுவுல சாதாரண கைத்தடியை யாரும் கணக்குல எடுக்குறதில்ல. வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க்கையில பிடிச்சா அந்தப் பக்கவாட்டுத் தசை இழுக்க வேண்டியதே குறையும், மூட்டு மேல பாரமும் நல்லாவே குறையும், நிறைய பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குப் பிடி வரணும்.

என் வரிசை: முதல்ல தடியும் பிசியோவும். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்சு நடை பழகுறப்ப டாக்டர் சரின்னா பிசியோ பக்கத்துல இருக்க வாக்கிங் அசிஸ்ட் வகை. எதையாவது வாங்கறதுக்கு முன்னாடி மாட்டி நடக்க வச்சு பின்னாலேருந்து பாருங்க, வலிக்கிற கால்ல நிக்கும்போது மறுபக்க இடுப்பு முன்ன மாதிரியே சரிஞ்சா வாங்காதீங்க.