காளான் கத்தி: ஆறு வருடப் பாவனை, ஒரு தீராத கோபம்

போன கிழமை நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். வளைந்த அலகு, மரப்பிடி, பிடியின் வாலில் பன்றி மயிர் பிரஷ். "அண்ணை, உங்கடை கத்திதானே இது? பாதி விலைக்குப் போட்டிருக்கிறாங்கள். வாங்கட்டோ?" வேலைக்குப் போகிற அவசரத்தில் "வாங்காதை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ட்ராமில் ஏறி உட்கார்ந்த பிறகு மனம் கேட்கவில்லை. ஆறு இலையுதிர் காலம் என் ஜாக்கெட் பையில் கிடந்த சாமான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

சில்லறைக் குறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். மழை நாளில் மரம் ஊதி அலகு பிடிக்குள் இறுகிக்கொள்ளும். நகம் உடைய இழுக்க வேண்டும். வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும். துருப்பிடிக்கிற இரும்பு, துடைக்காமல் மடித்தால் மறுநாள் கறுத்துக் கிடக்கும். நாலாவது வருடம் பிரஷ் கழன்றது. பசை போட்டு ஒட்டினேன், இன்றுவரை நிற்கிறது. எந்த மடக்குக் கத்திக்கும் வருகிற வருத்தங்கள்தான் இவை. என் கோபம் வேறு.

ஆனால் இந்தக் கத்தி எனக்குக் காளான் படிப்பித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சூரிச் பக்கத்துக் காடுகளில் நான் கற்றதில் பாதி, கீறிப் பார்த்துக் கற்றது. பெர்ல்பில்ஸ் என்ற காளானை நெடுக்காகக் கீறிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், வெட்டிலும் புழு தின்ற துளைகளைச் சுற்றியும் மெல்லிய சிவப்பு ஏறும். அதன் நஞ்சுள்ள பங்காளி பாந்தர்பில்ஸ் அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். பைன் மரத்தடியில் முளைக்கிற ஒரு வகையைக் கீறினால் கரட் சாறு நிறத்தில் பால் கசியும். அது கறிக்கு நல்லது. பிர்ச் மரத்தடியில் அதே சாயலில் நிற்பதைக் கீறினால் பால் வெள்ளையாக வரும். தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும்.

இன்னொன்று, பந்துக் காளான். குஞ்சாக இருக்கும்போது முட்டை மாதிரித்தான் இருக்கும். நடுவால் பிளந்தால் உள்ளே எங்கும் ஒரே வெள்ளை, தேங்காய்ச் சொட்டு மாதிரி. சில முட்டைகளைப் பிளந்தால் மட்டும், வயிற்றுக்குள் பிள்ளை சுருண்டு கிடப்பது போல ஒரு குட்டித் தொப்பியும் காலும் கோடாகத் தெரியும். அது பந்து இல்லை, அமனிற்றா இனத்துக் குஞ்சு. கொலைகாரக் காளானும் அந்த இனம்தான். முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோது கத்தியை மடிக்க மறந்து கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.

நிறம் மாறினால் நஞ்சு என்ற கதையையும் இதே கத்தி உடைத்தது. ஜெர்மன்காரர் 'சூனியக்காரி' என்று பெயர் வைத்த ஒரு காளான் இருக்கிறது. வெட்டின கணத்தில் மை கொட்டினது போல் கருநீலமாகும். நன்றாக வேகவைத்தால் அருமையான சாப்பாடு. சாத்தான் பெயர் கொண்டதும் நீலமாகும். அது வாந்தியில் போட்டுவிடும். ஆளைக் கொல்கிற பச்சைக் க்னோல்லன்பிளெட்டர்பில்ஸ் எந்த நிறமும் மாறாது. கடைசிவரை சுத்த வெள்ளை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

இந்தக் கத்தியின் வளைவு, காளானின் காலை மண்ணுக்கு மேலே வைத்து அறுப்பதற்கென்றே செய்தது. கையில் எடுத்தால் கை தானாக அப்படித்தான் போகும். கூட வந்த துண்டுப்பேப்பரில், அறுத்தால் மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சண வலை காப்பாற்றப்படும் என்று எழுதியிருந்தது. நானும் நம்பினேன். மூன்றாவது வருடம், செப்டம்பர் கடைசி. ஓக்கும் பீச்சும் கலந்த காட்டோரத்தில் இளம்பச்சைத் தொப்பியோடு ஏழெட்டுக் காளான். பச்சை டொய்ப்ளிங் என்ற, தின்னக்கூடிய காளான் என்று முடிவு கட்டினேன். போனில் இருந்த செயலியும் மேலிருந்து எடுத்த படத்துக்கு அதையே சொன்னது. பக்கவாட்டில் எடுத்ததற்கு வேறு பெயர் சொன்னது. எனக்குப் பிடித்த பதிலை நான் எடுத்துக்கொண்டேன். காலில் வளையம் ஒன்று இருந்ததா என்று யோசித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. வளைந்த அலகை வைத்து, தொப்பிக்குக் கீழே இரண்டு விரல்கடையில் சரக் சரக்கென்று அறுத்து, பிரஷ்ஷால் மண் தட்டி, வேறு காளான்களோடு கூடையில் போட்டேன்.

நல்ல காலம், இந்த நாட்டில் பில்ஸ்கொன்ட்ரோல்லே இருக்கிறது. கூடையைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினால் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருவார்கள். அன்றைக்கு இருந்தவர் ஒரு வயதான அம்மா. ஒரு துண்டை எடுத்து மிச்சமிருந்த காலை ஒடித்துப் பார்த்தார். டொய்ப்ளிங் என்றால் சோக்கட்டி மாதிரிப் படக்கென்று ஒடிய வேண்டும். இது நார் நாராகக் கிழிந்தது.

"இதன் அடி எங்கே?" என்று கேட்டார்.

"காட்டில்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. கூடை முழுவதையும், நல்ல காளான்களையும் சேர்த்து, குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். ஒரு சின்னத் துண்டு மற்றவற்றோடு ஒட்டியிருந்தாலும் போதும் என்றார். மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். நான் அறுத்த கட்டைகள் வரிசையாக நின்றன. ஒன்றைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினேன். கிழிந்த முட்டைக் கோது போல வெள்ளைப் பை ஒன்று, காலின் அடியைச் சுற்றி, மண்ணுக்குள் அழகாக இருந்தது. அந்தப் பைதான் கொலைகாரக் காளானின் அடையாளம். அதை மண்ணில் விட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லித் தருகிற சாமானுக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன்.

பிரஷ்ஷிலும் இதே குற்றம்தான். பாந்தர்பில்ஸின் தொப்பியில் இருக்கும் வெள்ளைப் பொருக்குகள் இரண்டு தட்டில் உதிர்ந்துவிடும். அடையாளத்தைத் துடைத்துவிட்டு அடையாளம் தேடுவதா?

வலையைக் காப்பாற்றும் கதையும் பிறகுதான் தெரிந்தது. பிரிபோர்க் மாநிலத்தில் ஒரு காட்டில் 1975இல் தொடங்கி 29 வருடம் சுவிஸ் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அறுத்தாலும் பிடுங்கினாலும் அடுத்த வருட விளைச்சலில் வித்தியாசம் இல்லை. மனிதர் காலால் மிதிக்கிற இடத்தில்தான் முளைப்பது குறைந்தது. துண்டுப்பேப்பரில் இது இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் வைக்கோல் காளான் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அடியில் பை இருப்பது பயம் தராது, பழகின முகமாகத்தான் தெரியும். அதற்கும் பை உண்டு. ஆனால் வைக்கோல் காளானுக்குக் காலில் வளையம் இல்லை. தொப்பியை ஓர் இரவு கடதாசியில் கவிழ்த்து வைத்தால் இளஞ்சிவப்புப் பொடி விழும். கொலைகாரனுக்கு விழுவது வெள்ளை. ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பல இடங்களில் இந்த இரண்டையும் மாறி எடுத்திருக்கிறார்கள். மஞ்சளும் உள்ளியும் போட்டு அவித்தால் தெரிந்துவிடும் என்று என் மாமி இன்னும் சொல்லுவா. தெரியாது. அவித்தாலும் காய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நத்தை தின்ற காளான் நல்லது என்பதும் பிழை. நத்தை அதையும் தின்னும். தின்ற மனிதருக்கு முதல் ஆறு மணித்தியாலம், சிலருக்கு அரை நாளுக்கும் மேல், ஒன்றும் செய்யாது. பிறகு வாந்தி, பேதி. அது அடங்கி, அப்பாடா என்று இருக்கிறபோது ஈரல் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் என்றால் சுவிஸ் நஞ்சு அவசர எண் 145க்கு உடனே அடியுங்கள், வயிற்றுவலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது நான் கத்தியை அறுக்கப் பாவிப்பதில்லை. காளானுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி, நெம்பி, முழுசாகத் தூக்குகிறேன். அடியைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் கீறல், பிரஷ் எல்லாம். அதற்கு வளைந்த அலகு துளியும் தோதில்லை. நுனி போன வருடமே ஒடிந்துவிட்டது. குசினியில் மரக்கறி வெட்டுகிற இரண்டு பிராங் கத்தி இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். செய்து பார்த்தும் விட்டேன்.

ஆகவே தம்பி, புதிதாகக் காட்டுக்குப் போகிறவருக்கு இந்தக் கத்தி வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று அந்தப் பந்துக் காளானுக்காக. மாதத்தின் முதல் பத்து நாள் இங்கே காளான் பிடுங்கத் தடை, தெரியும்தானே. 11ஆம் திகதி வா, கூடை கொண்டு வா, பிளாஸ்டிக் பை வேண்டாம். நாளுக்கு ஆளுக்கு ஒரு கிலோதான்.

நீ அனுப்பின இணைப்பில் கடைசியாக இரண்டு இருந்தது. நுனி ஒடியாத ஒன்று வேண்டும் என்று நேற்றிரவு நான் ஒன்றை எடுத்துவிட்டேன். மற்றது இன்னும் கிடக்குதோ தெரியவில்லை.