பத்து ரூபாய் வில்லையும் அளவுப் புத்தகமும்: தகவல் அறியும் உரிமை மனு குறித்து ஒரு பயனாளியின் மதிப்பீடு

உள்ளாட்சி அலுவலகம் செய்த வேலை கெட்டுப்போனால் நாம் முதலில் எழுதுவது புகார் மனுதான். எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலுக்காக ஓராண்டுக்குள் நானும் ஐந்து புகார் மனுக்கள் கொடுத்தேன். கட்டி முடித்த எட்டாவது மாதத்தில் மூடுபலகை இரண்டு இடங்களில் உள்வாங்கி, அடுத்து வந்த மழையில் தண்ணீரை வீடுகளுக்குள்ளேயே திருப்பிவிட்ட வடிகால் அது. ஐந்து மனுக்களுக்கும் ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. ஆறாவதாக நான் அனுப்பியது புகார் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் எழுதிய ஒரு பக்க விண்ணப்பம். அதன்பின் இரண்டாண்டுகளில் இந்தச் சேவையைப் பதினான்கு முறை பயன்படுத்தியிருக்கிறேன். அலுவலகத்தின் பெயரையும் அங்கிருப்பவர்களின் பெயரையும் இங்கே குறிப்பிடப்போவதில்லை. மதிப்பிட எடுத்துக்கொண்டது சேவையை மட்டுமே.

செலவைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை என்பதைப் பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், விண்ணப்பத்தை ஐந்து நாள்களுக்குள் அவர்களே அங்கு மாற்றி அனுப்ப வேண்டும். கெடு தாண்டிவிட்டால் பிரிவு 7(6)-இன்படி தகவலை இலவசமாகவே தர வேண்டும். இணையவழி விண்ணப்பமும் இருக்கிறது. ஆனால் எனக்கு நம்பகமாக இருந்தது ஒப்புகை அட்டையுடன் அனுப்பிய அஞ்சல்தான், ஏனென்றால் மனுவே வரவில்லை என்று கைவிரிக்க அது இடம் கொடுப்பதில்லை.

இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விண்ணப்பம் வீணானது. முதல் விண்ணப்பத்தில், ‘வடிகால் ஏன் தரமின்றிக் கட்டப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று ஆற்றாமையை எல்லாம் கொட்டி எழுதியிருந்தேன். சரியாக முப்பதாவது நாளில், கோரியவை ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வரவில்லை என்று பதில் வந்தது. அன்று கோபம் வந்தாலும், அந்தப் பதிலில் சட்டப்படி பிழையில்லை என்பதைப் பின்னர் புரிந்துகொண்டேன். அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் கேட்டுப் பெற முடியும். இல்லாத ஒன்றைத் தொகுத்தோ விளக்கம் உருவாக்கியோ தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே ‘ஏன்’ என்ற சொல்லை அடுத்த விண்ணப்பத்தில் அறவே நீக்கினேன். குறிப்பிட்ட வடிகால் பணிக்கான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, முடித்த பணியை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், தொகை வழங்கிய பட்டியல், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை மட்டும் கேட்டேன். கூடவே, பிரிவு 2(ஜே) தரும் உரிமையின்படி கோப்பையும் பணியையும் நேரில் ஆய்வு செய்ய நாள் குறிக்குமாறு கோரினேன். பணியை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அந்தப் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. சாலையோ வடிகாலோ கட்டடமோ, தரம் குறித்த ஐயம் உள்ள எவரும் விண்ணப்பத்தில் மறக்காமல் சேர்க்க வேண்டிய வரி இதுவே என்பது என் கருத்து.

ஆய்வு நாளன்று மேசைமேல் வைக்கப்பட்ட அளவுப் புத்தகம், பொறியியல் பிரிவில் எல்லோரும் ‘எம் புக்’ என்று சொல்லும் அந்த நீள்வாக்குப் புத்தகம், ஓரம் மடங்கி எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்தது. நீளம் 120 மீட்டர், உட்புற ஆழம் 60 சென்டிமீட்டர் என்று நீல மையில் எழுதி, அடியில் அளவெடுத்தவர் கையொப்பமும் சரிபார்த்தவர் கையொப்பமும் இட்டிருந்தார்கள். இரண்டின்கீழும் ஒரே தேதி. பக்கத்தின் நகலைப் பெற்றுக்கொண்டு தெருவுக்குத் திரும்பினேன். எங்கள் வரிசையில் குடியிருக்கும் கொத்தனார் ஒருவர் தம் நாடாவை எடுத்துவந்தார், உள்வாங்கிய பலகை வழியே நாடாவை இறக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல அறுபது எங்க இருக்கு? நாற்பத்தஞ்சு தாண்டலையே” என்றார். தெருமுனையிலிருந்து மறுமுனைவரை இருவரும் பிடித்து அளந்தபோது நீளம் 96 மீட்டரில் முடிந்துவிட்டது. ஐந்து புகார் மனுக்களில் நான் எழுதிய ‘தரமற்ற பணி’ என்ற சொற்களால் ஆகாத காரியம், அலுவலக முத்திரையிட்ட அந்த ஒரு பக்கத்தால் ஆனது. அரசுக் காசில் கட்டாத 24 மீட்டருக்குக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள் என்று சொல்ல, அதன்பின் எனக்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை.

நகலை இணைத்து மேலதிகாரிக்கு அனுப்பிய ஏழாவது வாரத்தில் மறு அளவீட்டுக்கு ஆள் வந்தது. நாங்கள் அளந்ததே சரியென்று அவர்களும் குறித்துக்கொண்டார்கள். ஒப்பந்ததாரர் விடுபட்ட பகுதியைக் கட்டி, பலகைகளை மாற்றிக்கொடுத்தார். வடிகாலைப் பொறுத்தவரை இது முழு வெற்றி. கையொப்பமிட்டவர்களைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல முடியாது. அவர்கள்மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பைக் கேட்டபோதுதான் இந்தச் சேவையின் பலவீனம் எனக்குத் தெரிந்தது.

முதல் மேல்முறையீடு அதே துறையின் மூத்த அலுவலரிடம் போகிறது. அவர் 30 நாள்களுக்குள், காரணத்தை எழுதிவைத்தால் 45 நாள்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது, கீழ்நிலை அலுவலர் கொடுத்த பதிலின் நகல்தான். அடுத்த கட்டம் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. அதை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் கெடு எதையும் விதிக்கவில்லை. முழுச் சேவையிலும் ஆகப் பெரிய ஓட்டை இதுவே. என் மனு அங்கே பதினான்கு மாதங்களாகக் காத்திருக்கிறது. தகவலை நியாயமான காரணமின்றி மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் விதிக்கப் பிரிவு 20 வகைசெய்கிறது. ஆனால் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. விசாரணை வராதவரை அந்தப் பிரிவு காகிதத்திலேயே கிடக்கும். மறுத்தது சரியென்று நிறுவும் பொறுப்பு அலுவலரையே சாரும் என்று பிரிவு 19(5) சொல்வதை மேல்முறையீட்டில் எழுதத் தவறாதீர்கள். நான் முதல் முறை அதை எழுதாமல் விட்டேன்.

இன்னொரு குறை அண்மையில் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு 8(1)(ஜே)-ஐத் திருத்தி, பொதுப்பணியோடு தொடர்புள்ள விவரத்தையும் பொதுநலன் கருதித் தர வேண்டிய விவரத்தையும் காத்துவந்த சொற்களை நீக்கிவிட்டது. ஓர் அலுவலர்மீதான ஒழுங்கு நடவடிக்கையைக் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒற்றை வரியில் தட்டிக்கழிக்க இது வழிவிடுகிறது. ஊழியரின் குடும்ப விவரத்தை யாரும் கேட்கவில்லை. மக்கள் பணத்துக்கு அவர் இட்ட கையொப்பத்தின் கதையைத்தான் கேட்கிறோம். பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதானால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டே இப்போது விண்ணப்பிக்கிறேன்.

தனியாக விண்ணப்பிப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். புனே அருகே நில முறைகேடுகளை இச்சட்டத்தின் துணையோடு வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். இத்தகையோரைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. எனவே என்னுடைய மூன்றாவது விண்ணப்பம் முதல், ஒரே தகவலைத் தெருவில் நான்கைந்து பேர் தனித்தனியாகக் கேட்கிறோம். வந்த நகலைக் கூடியிருந்து படிக்கிறோம். இந்தச் சட்டமே அப்படிப் பிறந்ததுதான்: 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் கூலிப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்க வாசிக்க, வேலைக்கே போகாதவர்கள் பெயரிலும் இறந்தவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரே கேட்டது. ஊராட்சியில் வசிப்பவர்களுக்கு அதற்கான இடம் கிராமசபை. தமிழ்நாட்டில் அது இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது. சான்றிட்ட நகலோடு அங்கே எழுந்து நிற்பவரை உட்காரச் சொல்வது எளிதல்ல.

பணி முடிந்த பிறகு விண்ணப்பித்தது என் தவறு. பின்தெருவில் இப்போது நடக்கும் வடிகால் பணிக்கு, பணி ஆணை வந்த வாரமே மதிப்பீட்டின் நகலைக் கேட்டுவிட்டோம். கொத்தனாரே தம் கையெழுத்தில் எழுதி வில்லை ஒட்டினார். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிகளின் இடைவெளியை அவர் அளந்தபோது மூன்று இடங்களில் கூடுதலாக இருந்தது. கம்பியைச் சேர்த்துக் கட்டி முடித்த பிறகே, மறுநாள் பிற்பகலில், கலவை இயந்திரம் ஓடியது.