இன்சூரன்ஸ் இல்லாத குழந்தைக்குத் தடுப்பூசி: அமெரிக்காவின் வி.எஃப்.சி. திட்டம், ஒரு பயனாளர் மதிப்பீடு

அமெரிக்காவில் வேலை போனால் சம்பளத்தோடு இன்சூரன்ஸும் போய்விடுகிறது என்பதை இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலையிலும் 19 வயது நிறையாத பிள்ளையின் தடுப்பூசிக்கு மத்திய அரசே பணம் தருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ‘வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன்’, சுருக்கமாக வி.எஃப்.சி., என்ற அந்தத் திட்டத்தை என் தங்கையின் குடும்பம் பயன்படுத்தியபோது உடனிருந்து பார்த்தேன். குழந்தைகளைப் பொறுத்தவரை நான் இந்த நாட்டில் கண்ட மிக நேர்மையான மருத்துவச் சேவைகளில் இது ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இந்தத் திட்டம் ஒரு பெருந்துயரத்திலிருந்து பிறந்தது. 1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் பரவிய தட்டம்மையில் சுமார் 55,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயுற்ற குழந்தைகளில் பலர் அதற்கு முன்பே மருத்துவரிடம் போய் வந்தவர்கள், ஆனாலும் ஊசி போடப்படாதவர்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் விளைவாக 1993இல் சட்டம் இயற்றப்பட்டு, 1994 அக்டோபரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து குறைந்த விலையில் மருந்தை வாங்கி, மாநிலச் சுகாதாரத் துறைகளின் வழியாக, திட்டத்தில் பதிவு செய்துகொண்ட மருத்துவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத பிள்ளைகள், மெடிக்கெய்ட் (குறைந்த வருமானம் உள்ளோருக்கான அரசுக் காப்பீடு) தகுதி உள்ளவர்கள், அமெரிக்கப் பழங்குடியினர், இன்சூரன்ஸ் இருந்தும் அதில் தடுப்பூசி அடங்காதவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். இந்நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

தங்கையின் மகன் கிண்டர்கார்டன் சேர வேண்டிய வயது. எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா), சின்னம்மை, டி.டாப் (தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல்), போலியோ ஆகியவற்றின் மீதித் தவணைகளைப் போட்டுச் சான்று கொடுத்தால்தான் பள்ளியில் அனுமதி. வழக்கமாகப் போகும் குழந்தை மருத்துவமனையில் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்றதும், எல்லாவற்றுக்கும் கைப்பணம்தான் கட்ட வேண்டும் என்றார்கள், வி.எஃப்.சி. என்ற பேச்சே எடுக்கவில்லை. அந்த அறியாமை, அல்லது அலட்சியம், எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டில் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், யார் பணம் தருவது என்ற கேள்வியே எழுவதில்லை. அப்படி வளர்ந்து வந்த ஒரு தாய்க்கு, கேட்டால்தான் கிடைக்கும் என்ற ஏற்பாடு எப்படிப் புரியும்?

கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையின் தடுப்பூசி நிலையத்தில் நிலைமை வேறு விதமாக இருந்தது. ஒரே பக்கப் படிவத்தில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் உண்டா இல்லையா என்ற கேள்வி. பெற்றோர் சொல்வதே போதும். வருமானச் சான்று கேட்கவில்லை, விசாவைப் பற்றிய பேச்சே இல்லை. வி.எஃப்.சி. தகுதிக்குக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்தபோது, திட்டத்து மருந்துகளும் தனியார் மருந்துகளும் வெவ்வேறு தட்டுகளில், வெவ்வேறு சீட்டுகள் ஒட்டப்பட்டு இருந்ததைக் கண்டேன். வெளியே சிறு திரையில் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தவறினால் அந்த மருந்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு விசாரிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். இலவசம் என்பதால் தரத்தில் ஒரு மாற்றும் குறையவில்லை.

கட்டண விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மருந்துக்கு ஒரு காசும் வாங்கக் கூடாது. ஊசி போடும் கூலியாக மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் ஓர் உச்சவரம்புக்குள் ஒரு தொகை கேட்கலாம். அதைக் கட்ட இயலாது என்று பெற்றோர் சொன்னால், அந்தக் காரணத்துக்காக ஊசியை மறுக்கக் கூடாது. நிலுவையை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் கூடாது. ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கான கட்டணம் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. ஆகவே தொலைபேசியில் நேரம் வாங்கும்போதே, ஊசி மட்டும் போட்டுக்கொள்ள முடியுமா, பரிசோதனைக் கட்டணம் தனியா என்று கேட்டுவிடுவது நல்லது. பெயரளவுக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்து அதில் தடுப்பூசி இல்லாத குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல்: அவர்கள் எல்லா மருத்துவரிடமும் இதைப் பெற முடியாது, மத்திய நிதி பெறும் சமூக நல மருத்துவ மையங்களையோ, அதற்கென அதிகாரம் பெற்ற நிலையங்களையோதான் நாட வேண்டும். இந்தப் பிரிவினரை அலைய வைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என்னுடைய பெரிய குறை பெரியவர்களைப் பற்றியது. அவர்களுக்கு இதற்கு இணையான திட்டமே இல்லை. ‘பிரிவு 317’ எனப்படும் நிதியிலிருந்து சில சுகாதாரத் துறைகள் இன்சூரன்ஸ் இல்லாத பெரியவர்களுக்கும் ஊசி போடுகின்றன; ஆனால் அது ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் தொகை, இருக்கும் வரைதான். கோவிட் தடுப்பூசிக்காக 2023இல் தொடங்கிய உதவித் திட்டமும் 2024 ஆகஸ்டில் நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கு ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசி போட நினைத்தால் ஒரு தவணையே 200 டாலரைத் தொடும். பயணக் காப்பீடு பொதுவாக அதற்கு உதவாது. இங்கேயே வசிக்கும் பெரியவர்கள் மருந்து நிறுவனங்கள் நடத்தும் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், அவற்றுக்கு வருமான வரம்பு உண்டு.

கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை இப்போதே கவனிக்க வேண்டும். 15 வயதுக்குப் பிறகு கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைத் தொடங்கினால் ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று தவணைகள். வெளியில் ஒரு தவணையின் விலை ஏறக்குறைய 300 டாலர். 19ஆவது பிறந்தநாளோடு வி.எஃப்.சி. முடிந்துவிடும் என்பதால், மகனோ மகளோ பதினெட்டரை வயதைத் தாண்டும் முன்பே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.