ஒரு நாள் மான் வேட்டை: பையில் எது, வீட்டில் எது?

டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் மத்திய பென்சில்வேனியாவில் மாலை 4.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சட்டப்படி சுடுவதற்கு அதன் பிறகும் அரை மணி நேரம் உண்டு. பகல் முழுக்கக் கண்ணில் படாத மான் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான் வெளியே வரும். அப்போது சுட்டால் தேடுவது, குடல் எடுப்பது, இழுத்து வருவது எல்லாமே இருட்டில்தான். பையில் எதை வைப்பது என்று யார் கேட்டாலும், அந்த இருட்டை மனதில் வைத்துத்தான் நான் பதில் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கும் உசிலம்பட்டித் தம்பி ஒருவர் இந்த வருடம் முதல் தடவையாக உரிமம் எடுத்திருக்கிறார். "அண்ணே, கடைக்குப் போனா எல்லாமே வேணும் போலத் தெரியுது. எதை எடுக்கிறது, எதை விடுறது?" என்று கேட்டார். அவருக்காக எழுத ஆரம்பித்தது இது.

நம் ஊரில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் முக்கிய வழியே வேட்டைதான். பாதுகாப்பு வகுப்பில் தேறி, உரிமம் வாங்கி, ஒரு மானுக்கு ஒரு டேக் (சுட்ட மானின் மேல் கட்டும் அடையாளச் சீட்டு) என்ற கணக்கோடுதான் காட்டுக்குள் போக முடியும். மாநில வேட்டை நிலங்கள் மட்டும் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கின்றன. நாங்கள் போவது அங்கேதான்.

ஆரஞ்சு: வெஸ்ட்டா, ஜாக்கெட்டா?

துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி இருக்க வேண்டும். ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் காலையில் ஏறும்போது வேர்த்து அதைக் கழற்றினால் ஆரஞ்சும் போய்விடும். வெஸ்ட் என்கிற கையில்லாத மேலுடுப்பு அப்படியில்லை. உள்ளே எத்தனை உடுப்பு மாற்றினாலும் அது மேலே கிடக்கும். ஆகவே வெஸ்ட், கூடவே ஆரஞ்சுத் தொப்பி. பலரும் மறப்பது ஒன்று உண்டு: முதுகில் பை ஏறியதும் வெஸ்ட்டின் பின்பக்கம் மறைந்துவிடும். பைமேல் ஒரு ஆரஞ்சு உறை கட்டாயம் வேண்டும்.

முதுகுப் பையும் இடுப்புப் பையும்

இடுப்புப் பை லேசானது, திரும்பி உட்கார வசதி. அதில் கத்தி, விளக்கு, கயிறு அடங்கிவிடும், தடித்த ஜாக்கெட் அடங்காது. குளிர்காலத்தில் அந்த ஒரு காரணம் போதும், 25 முதல் 30 லிட்டர் முதுகுப் பைதான் என் தேர்வு. கடையில் பையைக் கையில் வாங்கியதும் ஜிப் எத்தனை என்று பார்க்காதீர்கள். துணியை நகத்தால் கீறிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பனி உறைந்த காலையில் அந்தச் சத்தம் மானுக்கு எட்டும்.

கதகதப்புக்கு: இறகா, கம்பளியா?

பனியன், வேட்டி, சட்டை என்று பருத்தியிலேயே வளர்ந்தவர்கள் நாம். இங்கே பருத்திதான் ஆபத்து. வேர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்த அரை மணி நேரத்தில் நடுக்கத்தைக் கொண்டுவரும். உள்ளாடை முதற்கொண்டு மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைதான்.

மேலுடுப்பில் இறகு அடைத்த ஜாக்கெட் சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கும், எடையே தெரியாது. ஆனால் நனைந்தால் சூட்டை இழந்துவிடும், கையை அசைத்தால் சத்தமும் போடும். தடித்த கம்பளி ஜாக்கெட் இரு மடங்கு கனம், ஆனாலும் தூறலிலும் ஓரளவு சூடு காக்கும், சத்தமும் இல்லை. உட்கார்ந்து காத்திருக்கிற நாளுக்கு நான் கம்பளியைத்தான் எடுக்கிறேன். எதை எடுத்தாலும் போகும்போது அதைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். லேசாகக் குளிர்கிறதே என்ற நிலையில் நடந்து போய், உட்கார்ந்து மூச்சு அடங்கிய பிறகு பையிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

அடியில் போட்டு உட்காரக் கெட்டியான ஃபோம் துண்டு ஒன்று. காற்றடிக்கிற மெத்தை முள் குத்தினால் போச்சு. ஃபோமைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கத்தி

இதில்தான் கடைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் அதிகம் சண்டை போடுகிறார்கள். எனக்கும் இதில் உறுதியான கருத்து உண்டு.

சந்தையில் மூன்று வகை. ஒன்று, அறுவைசிகிச்சை பிளேடு மாதிரி மெல்லிய பிளேடை மாற்றி மாற்றிப் போடுகிற கத்தி. இரண்டு, மடக்குக் கத்தி. மூன்று, மடங்காத ஒற்றைக் கத்தி. தோலுரிக்கும் வேலையில் முதல் வகையை அடிக்க ஆளில்லை. மழுங்கியதும் பிளேடை மாற்றினால் புதுக்கத்தி, தீட்டத் தெரிய வேண்டியதே இல்லை. வீட்டுக் கொட்டகையில், நல்ல வெளிச்சத்தில், மானைத் தொங்கவிட்டு உரிக்கும்போது நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காட்டில் நடப்பது வேறு வேலை. மானை மல்லாக்கப் போட்டு, இரண்டு விரலைப் பிளேடுக்கு இருபுறமும் வைத்து, முனை மேல்நோக்கி இருக்கும்படி நெஞ்செலும்பின் அடியிலிருந்து பின்னங்கால் இடுக்கு வரை வயிற்றுத் தோலைப் பிரிக்க வேண்டும். இரைப்பையிலும் சிறுநீர்ப்பையிலும் முனை படக்கூடாது, பட்டால் கறி வீணாகும். அப்புறம் உதரவிதானத்தைச் சுற்றி அறுத்து, முழங்கை வரை கையை மார்புக்குள் விட்டு, மூச்சுக்குழலைத் தடவிப் பிடித்து அறுக்க வேண்டும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கை முழுக்க வெதுவெதுப்பான இரத்தமும் கொழுப்பும் வழுக்கும். பிடித்திருக்கிற இடது கைக்கும் அறுக்கிற வலது கைக்கும் நடுவே ஒரு அங்குலம்கூட இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நிலையில் என் மெல்லிய பிளேடு விலா எலும்பில் பட்டு ஒடிந்தது. பாதித் துண்டு உள்ளே எங்கேயோ. அதைத் தேட மறுபடி கையை விட மனம் வரவில்லை. விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, மானைக் கவிழ்த்து, இரத்தத்தோடு அது இலைமேல் விழும்வரை குலுக்க வேண்டியிருந்தது. அன்றோடு காட்டுக்கு அதைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

மடக்குக் கத்தி ஒடியாது. ஆனால் அதன் மூட்டுக்குள் கொழுப்பும் மயிரும் புகுந்து உறைந்தால் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது ஒற்றைக் கத்திதான், பத்து சென்டிமீட்டர் நீளம் போதும். ஸ்வீடனின் மோரா கத்திகள் எனக்குப் பிடித்தவை. விலை குறைவு, ரப்பர் பிடி ஈரத்திலும் வழுக்காது, இரும்பு எளிதில் தீட்டிக்கொள்ளும். ஊரில் கிடாவெட்டு அன்று உரிக்கிறவர் வைத்திருப்பதும் பெரிய அரிவாள் இல்லையே, கல்லில் தீட்டிய சின்னக் கத்திதானே. அந்தப் பாடம் இங்கேயும் பொருந்துகிறது. கூடவே இரண்டு ஜோடி ரப்பர் கையுறை. பென்சில்வேனியாவில் 2012-இல் மான்களுக்கு வரும் மூளைச் சிதைவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை என்றாலும் வெறுங்கையை உள்ளே விடாமல் இருப்பதே நல்லது.

வெளிச்சம்: தலையிலா, கையிலா?

குடல் எடுக்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே தலைவிளக்கு இல்லாமல் போகவே கூடாது. ஆனால் இரத்தத் தடம் தேடுவதில் கைவிளக்குக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. தலைவிளக்கின் ஒளி கண்ணின் திசையிலேயே போவதால் இலைகளெல்லாம் தட்டையாகத் தெரியும். கைவிளக்கை முழங்காலளவில் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால், காய்ந்த ஓக் இலையின் விளிம்பில் மிளகளவு துளி இருந்தாலும் ஈரம் மின்னும். பல தலைவிளக்குகளில் சிவப்பு ஒளியும் இருக்கும். நடக்க அது நல்லது, தடம் தேட உதவாது. சிவப்பொளியில் சிவப்பு இரத்தம் இலையோடு இலையாகக் கலந்துவிடும்.

இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் தலைவிளக்கு. சாதாரண அல்கலைன் பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி போடுங்கள். குளிரில் முன்னது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

தடத்தைக் குறிக்க

சுட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கக்கூடாது. மான் விழுந்தது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும், வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம். பிறகு ஒவ்வொரு துளியாகத் தேடிப் போகும்போது கடைசியாகப் பார்த்த துளியைத் தொலைக்காமல் இருப்பதே வேலை. போன் வரைபடத்தில் புள்ளி வைக்கலாம், ஆனால் மரங்களுக்கடியில் அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். இரத்தத் தடத்தில் சில மீட்டர் என்பது பெரிய தூரம். பிளாஸ்டிக் நாடா கட்டினால் திரும்ப வந்து அவிழ்க்க வேண்டும்.

எனக்குக் கழிவறைத் தாள்தான் சரிப்பட்டது. துளி கண்ட இடமெல்லாம் ஒரு கிழிசலைப் புதர்மேல் மாட்டிக்கொண்டே போவேன். தடம் அறுந்ததும் நின்று பின்னால் விளக்கடித்தால், வெள்ளை வெள்ளையாய் ஒரு கோடு தெரியும். மான் எந்தத் திசையில் சாய்ந்து போகிறது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். ஒரு மழையில் கரைந்தும் போகும்.

வழிகாட்டப் போன், திசைகாட்டி இரண்டும் வேண்டும். போனில் வரைபடத்தை முந்தின இரவே இறக்கிவைத்து, சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். திசைகாட்டியைப் பொறுத்தவரை, "ரோடு எனக்குத் தெற்கே இருக்கிறது" என்ற ஒரு வரி நினைவிருந்தால் போதும்.

தொலைநோக்கி: 8x42 எதிர் 10x42

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். அதிகம் பெரிதாக்குவதுதான் நல்லது என்று நினைத்துப் பத்தை வாங்குகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் அதுதான். மங்கல் வெளிச்சத்தில் எட்டு வெளிச்சமாகத் தெரியும், பார்வை அகலமும் கூட, கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். எங்கள் காட்டில் எண்பது மீட்டருக்கு அப்பால் பார்ப்பதே அபூர்வம். கொலராடோ போன்ற திறந்த மலைச்சரிவுக்குப் போகிறவர் பத்து வாங்கட்டும். தொலைநோக்கியே வேண்டாம், துப்பாக்கி ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்பவரோடு நான் காட்டுக்கு வரமாட்டேன். புதருக்குள் அசைவது மனிதனாக இருந்தால், அவன் மேல் குழலை நீட்டியிருக்கிறீர்கள்.

சாப்பாடு

கடையில் விற்கும் எனர்ஜி பார் குளிரில் கல்லாகிவிடும், உறையைப் பிரித்தால் காடே திரும்பிப் பார்க்கும். சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டால் சத்தமே இல்லை. சோறு வேண்டாம், ஆறினால் விறைத்துவிடும். தண்ணீருக்குக் குழாய் வைத்த பையைவிட பிளாஸ்க் மேல், குழாயில் நீர் உறைந்துவிடும். நான் சுக்குக் காப்பி எடுத்துப் போகிறேன். வாசனையில் மான் ஓடாதா என்று தம்பி கேட்டார். காற்று உங்களிடமிருந்து மான் பக்கம் வீசினால் உங்கள் உடம்பு வாசனையே போதும் அதை விரட்ட. காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பார்த்து உட்காருங்கள், சுக்குக் காப்பி ஒன்றும் செய்யாது.

தூரமானி, கொம்பொலிக் கருவி, வாசனை மறைக்கும் ஸ்ப்ரே, எலும்பு ரம்பம் எல்லாம் முதல் வருடத்துக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் இரத்தக்கசிவை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்றும் அழுத்தக் கட்டு ஒன்றும் வாங்குங்கள். கத்தியும் துப்பாக்கியும் இருக்கிற இடத்தில் சின்ன பிளாஸ்டர் டப்பா எதற்கும் காணாது. தீ மூட்ட லைட்டர் ஒன்றை உள்பையில் வையுங்கள், கூடவே வாசலின் தடவிய பஞ்சுருண்டை நாலைந்து.

இழுத்து வர: கயிறா, சறுக்குப் பலகையா?

வளர்ந்த ஆண் மான் ஒன்று அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும், குடல் எடுத்த பிறகும் நாற்பத்தைந்துக்குக் குறையாது. பிளாஸ்டிக் சறுக்குப் பலகை பனி இருந்தால் சொர்க்கம், பனி இல்லாத கல்லுக்காட்டில் வெறும் சுமை. அதை வண்டியிலேயே வைத்துவிட்டு, தேவைப்பட்டால் திரும்பி வந்து எடுக்கலாம். பையில் இருக்க வேண்டியது நான்கு மீட்டர் கயிறு, விரல் தடிமனில். மெல்லிய பாராசூட் கயிறு நூறு அடி போவதற்குள் உள்ளங்கையை அறுத்துவிடும். முன்னங்கால்களைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஒரு குச்சியில் சுற்றிப் பிடித்து, தலைப்பக்கமாக இழுங்கள். மயிர் படிந்த திசையிலேயே போவதால் மான் வழுக்கிக்கொண்டு வரும். காலைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வேரிலும் மாட்டும்.

ஆனால் ஒரு அடி நகர்த்துவதற்கு முன்பே டேக்கை நிரப்பிக் காதில் கட்டியாக வேண்டும், சட்டம் அப்படி. வெளிப்பையில் வைத்த பேனா குளிரில் எழுதாது. பேனாவையும் டேக்கைக் கட்ட ஒரு முழ நூலையும் போன் இருக்கிற அதே உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.