வீட்டில் தயாரித்த பறவை பெல்லட்: கடலூரில் வாங்கிய ஒரு பொட்டலம் குறித்துச் சில ஐயங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பறவைத் தீனி தயாரித்து, வாட்ஸ்அப் வழியாக விற்கும் ஓர் அம்மையாரிடம் எங்கள் காக்டீல் கிளிகளுக்காக அரை கிலோ பெல்லட் (தானியம், கீரை முதலியவற்றை அரைத்துச் சேர்த்து உருட்டிக் காயவைத்த தீனி) வாங்கினேன். விலை 180 ரூபாய். சாயமோ செயற்கை வாசனையோ சேர்ப்பதில்லை என்கிறார். பார்த்தவரையில் அப்படித்தான் தெரிகிறது. தினையையும் சூரியகாந்தி விதையையும் மட்டுமே தின்று வளரும் பறவைகளுக்கு வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதாமல் போகும் என்பதை உணர்ந்து இத்தொழிலில் இறங்கியிருப்பவர் என்பதால், அவருடைய முயற்சியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இப்போதுள்ள நிலையில் இந்தப் பெல்லட்டை அன்றாடத் தீனியாகக் கிண்ணத்தில் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

என் பெரிய கவலை ஈரம். ஓர் உருண்டையை நகத்தால் பிளந்து பார்த்தபோது, மேற்புறம் மொறுமொறுப்பாக இருந்தும் நடுப்பகுதி கருத்து, நசுக்கினால் விரலில் களியாக ஒட்டிக்கொண்டது. எப்படிக் காய வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மொட்டை மாடியில ரெண்டு நாள் வெயில் பட்டாலே போதும் தம்பி, கல்லு மாதிரி ஆயிடும்" என்றார். சித்திரை வெயிலில் அது நடக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் உப்புக்காற்றும் அடைமழையுமாகக் கிடக்கும் கடலூரில், வீட்டில் வைத்த அப்பளமே நமத்துப்போகிறது. இந்தப் பெல்லட்டில் சேர்ந்திருப்பவையோ நிலக்கடலையும் மக்காச்சோளமும். ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை எளிதில் பற்றும் விளைபொருள்களில் இவ்விரண்டும் முன்னிற்பவை. அப்பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் அழியாதது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம், தீனியில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் என்று கண்டறிந்தபோதுதான் இந்த நச்சே உலகுக்குத் தெரியவந்தது. ஏறத்தாழ நூறு கிராம் எடையே உள்ள காக்டீலின் உடலுக்கு எவ்வளவு சிறிய அளவும் பொருட்படுத்தத் தக்கது.

பொட்டலத்தின் மேல் தயாரித்த தேதி இல்லை. சேர்மானங்களின் பெயர்கள் இருக்கின்றனவே தவிர, எது எவ்வளவு என்ற விவரம் இல்லை. முருங்கைக்கீரைப் பொடி நல்ல சேர்க்கைதான். ஆனால் நேர் வெயிலில் காய்ந்த கீரையில் பீட்டா கரோட்டின் பெருமளவு குறைந்துவிடும். நிழலில் உலர்த்தினாரா என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. முட்டை ஓட்டுத்தூளின் அளவு தெரியாமல் தினந்தோறும் கொடுப்பதும் சரியன்று. கால்சியம் மிகுந்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதற்குப் பதிலாகக் கூண்டில் ஒரு கணவாய் ஓட்டைக் கட்டிவிட்டால், பறவை தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும்.

சிறு சிறு அளவில் தயாரித்து, உலர்த்தும் கருவியில் உள்வரை காயவைத்து, தேதியும் அளவும் அச்சிட்டுக் கொடுத்தால் மீண்டும் வாங்குவேன் என்று அவரிடமே சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், பொட்டலத்தின் அடியிலிருந்து நாலைந்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரமோ, சிக்கு வாடையோ, வெண்பூசணமோ தென்பட்டால், கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வெயிலில் வைத்துக் கொடுக்க வேண்டாம். பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.