பெயிண்ட் காய்ந்த இரும்புக்குப் பணம் கொடுத்த கதை

காந்தம் வழுக்கியது. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

மேடுபள்ளம் அளக்கும் டயல் கேஜைப் பொருத்தும் காந்த அடித்தளத்தை, லோரியில் வந்து இறங்கிய என் புதிய இரும்புச் சட்டகத்தின் மேல் வைத்து விசையைத் திருப்பினேன். மற்ற இடங்களில் கப்பென்று பிடித்துக்கொண்ட காந்தம், நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஈரச் சோப்புக்கட்டி போல நகர்ந்தது. இரும்பின் மேல் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை. இதைச் சொல்லப் படிப்பு எதுவும் வேண்டாம். கத்தியால் சுரண்டினேன். நீலப் பெயிண்டுக்குக் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு மாவாக உதிர்ந்தது. நசுங்கிய கார் கதவில் பள்ளம் நிரப்பப் பூசுவார்களே, அந்தப் புட்டி. 6,200 ரிங்கிட் கொடுத்து நான் வாங்கிய 'மில்லிங் செய்த', அதாவது சுழலும் கத்தியால் சீவிச் சமன் செய்த தளம் அதுதான்.

கணினி சொல்கிறபடி மரத்தையும் உலோகத்தையும் வெட்டும் சிஎன்சி ரௌட்டரை வீட்டிலேயே கட்டும் ஆசையில் பினாங்கு, கெடா பக்கம் இன்னும் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரை உள்பெட்டியில் கேட்காதீர்கள். எனக்கு வரவேண்டிய பணத்தில் கொஞ்சம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

நான் பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அலுமினியச் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைத்து ஒரு சிறிய ரௌட்டர் செய்தேன். பலகையில் பெயர் செதுக்குவதற்கு அது போதும். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் கத்தியை இறக்கினால் நடுங்கும், கத்தும், வெட்டிய ஓரம் ரம்பப் பல் போல வரும். என் அக்கா மகன் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவன். "மாமா, இந்த முறை மயில் தகடெல்லாம் உங்கள் மெஷினிலேயே வெட்டிவிடலாமா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விதான் என்னை இரும்புக்குத் தள்ளியது. இரும்பின் விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எடையும் அதே அளவுக்கு ஏறும். ஆனால் ஓரிடத்தில் நிற்கப் போகிற இயந்திரத்துக்கு எடை பாரமில்லை, பலம்.

100க்கு 100, 6 மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாய் என்று முடிவு செய்தேன். மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ. 6 மீட்டர் நீளத்தில் மூன்று குழாய்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 300 கிலோ. "கார் நிறுத்தும் இடத்தில் இரும்புக் கட்டில் போடப் போகிறீர்களா?" என்றாள் மனைவி.

சிக்கலான வேலை வெல்டிங் அல்ல, அதற்குப் பிறகு வருவது. வெல்டிங் செய்த இடம் ஆறும்போது சுருங்கி, சுற்றியுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். வெளியே நேராகத் தெரிகிற குழாய்க்குள் அந்த இழுப்பு அடைந்து கிடக்கும். அப்படியே மேல்தளத்தைச் சீவினால், அடைந்து கிடந்தது ஒரு பக்கம் அவிழ்ந்து, சீவிய தளம் திரும்பவும் கோணிக்கொள்ளும். அதனால் முதலில் வெல்டிங், பிறகு உலையில் ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடேற்றி, நிறுத்திவைத்து, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடுவது, அதன் பிறகே மில்லிங். இந்த வரிசை மாறக் கூடாது. மில்லிங்கிலும், இயந்திரத்தின் நகரும் பாகங்கள் ஓடும் ரெயில் உட்காரும் இரண்டு தளங்களையும் ஒரே பிடிப்பில் சீவ வேண்டும். கழற்றி மாட்டினால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். லீனியர் ரெயில் தானாக நேராக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. போல்ட்டை இறுக்க இறுக்க, அடியில் இரும்பு எப்படி இருக்கிறதோ அப்படியே வளைந்துகொள்ளும்.

செபராங் பிறையில் ஒரு பட்டறை. கோயில் பழக்கத்தில் ஒருவர் சொல்லிப் போனேன். முதலாளி நம்மவர், அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைவிடப் பெரியதெல்லாம் செய்திருக்கிறோம்" என்றார். விலைக்குறிப்பை மூன்று வரியாகப் பிரித்துக் கொடுத்தார்: இரும்பும் வெல்டிங்கும் 3,900, உலைச் சூடேற்றம் 900, மில்லிங் 1,400. தளத்தின் மேடுபள்ளம் 0.05 மில்லிமீட்டருக்குள் என்று அவர் கையாலேயே எழுதினார். முன்பணமாக 4,000 கொடுத்தேன். மூன்று வாரம் என்றார். ஒன்பது வாரம் ஆனது. தாமதத்தை நான் குறையாகச் சொல்லவில்லை, பட்டறை என்றால் அப்படித்தான்.

குழாய்களை வெட்டிய சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். எந்தத் துண்டு எங்கே போகும் என்று குழம்பக் கூடாதென்று, அழியா மையுள்ள மார்க்கரால் ஒவ்வொரு துண்டின் உள்சுவரிலும் எண் எழுதினேன். வெளியே எழுதினால் கிரைண்டர் பட்டுப் போய்விடுமே என்று உள்ளே எழுதினேன். வெட்டும் தலையைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் கேன்ட்ரி குழாய்க்கு எண் 7, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. இந்த 7-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டகம் வந்த நாளில் நல்ல மழை. லோரிக்காரர் இறக்கிவிட்டுக் கிளம்ப அவசரப்பட்டார். முதலாளியும் கூடவே வந்திருந்தார். பளபளவென்று நீல நிறம், ரெயில் உட்காரும் தளம் உட்பட எல்லா இடத்திலும் பூசியிருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மில்லிங் செய்த தளத்தில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? கேட்டேன். "துருப் பிடிக்காமல் இருக்கத்தான் தம்பி, தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும்" என்றார். பெரியவரை மழையில் நிறுத்திவைத்துப் பேச மனமில்லை. மீதி 2,200-ஐக் கொடுத்தேன். கையில் டயல் கேஜ் இருந்தது, ரசமட்டம் இருந்தது, பத்து நிமிடப் பொறுமைதான் இல்லை.

மறுநாள் காந்தம் வழுக்கியது. புட்டியை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தேன். 1.2 மீட்டர் நீளத்தில், பள்ளம் ஆழமாக இருந்த இடத்தில் 1.9 மில்லிமீட்டர் இடைவெளி. மற்ற இடங்களில் கிரைண்டர் வட்டின் பிறைப் பிறையான கீறல்கள். மில்லிங் கத்தி அந்த இரும்பைத் தொட்டதே இல்லை. நகரும் பாகத்தைத் தள்ளும் திருகுத் தண்டு, அதாவது பால் ஸ்க்ரூ, சி7 தரம் போதுமா, சி5 வாங்கலாமா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். சி7 என்றால் 300 மில்லிமீட்டருக்கு 0.05 பிழை. இங்கே அடித்தளமே கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் குழிந்து கிடக்கிறது!

மில்லிங் நடக்கவில்லை. சரி, உலைக்காவது போனதா? கேன்ட்ரி குழாயின் முனை ஒயர் போவதற்காகத் திறந்தே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். என் 7 அப்படியே இருந்தது, அம்புக்குறியோடு, நேற்று எழுதியது போலக் கறுப்பாக. 600 டிகிரியில் மார்க்கர் மை நிற்காது, எரிந்துவிடும். உலைக்குப் போய்வந்த இரும்பில் உள்ளும் புறமும் சாம்பலும் நீலமுமாய் ஓர் ஆக்சைடு தோல் படிந்திருக்கும். இந்தக் குழாயின் உள்சுவரில் ஆலையின் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் விரலில் ஒட்டியது.

பிறகு அடிச்சட்டத்தைப் பார்த்தேன். அதன் குழாய் முனைகளில் தகடு வைத்துச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்திருந்தார்கள், ஊசி நுழைய ஓட்டை இல்லை. அடைத்த குழாயை 600 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். உள்ளே ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். காற்றுத் துளை இல்லாத குழாயை உலைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் பட்டறைக்குப் போனேன். புட்டித் துகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், ஏதோ தடயவியல் அதிகாரி போல. "அண்ணே, உலையில் வைத்ததற்குச் சூடு ஏறி இறங்கிய வரைபடம் கொடுப்பார்களே, அதைக் காட்டுங்கள்" என்றேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் தம்பி கொடுப்பார்கள்." கைப்பேசியில் 7-இன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மை நல்ல மை" என்றார். சத்தியமாக அதைத்தான் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் கோபத்தைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

அடுத்தது பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் ரசீதை எடுத்துப் பார்த்தபோது வயிற்றில் புளி கரைந்தது. கடைசி ரசீது என் பெயரில் இல்லை. என் மைத்துனரின் விளம்பரப் பலகைக் கடை பெயரில் இருந்தது. "கம்பெனி பெயர் கொடுத்தால் கணக்குக்கு வசதி, வண்டிக்கூலியைக் கழித்துவிடுகிறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். 150 ரிங்கிட் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்குகிறவருக்கானது. கம்பெனி பெயரில் ரசீது இருந்தால், 'இது வியாபாரத்துக்கு வாங்கியது' என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லிவிடலாம். அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா, எனக்குத் தெரியாது. அந்த 150-ஐ நான் திட்டமிட்டுத்தான் மிச்சப்படுத்தினேன்.

நல்ல வேளையாக, முன்பண ரசீது என் பெயரில் இருந்தது. விலைக்குறிப்பும் அவர் கையெழுத்தில் இருந்தது. தீர்ப்பாயத்தின் முதல் படிவத்தை நிரப்பி, எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்குப் புலனத்தில் அனுப்பினேன். செய்யாத இரண்டு வேலைக்கும் சேர்த்து 2,300 கேட்டேன். ஒரு வாரம் கழித்து 1,500 வந்தது. "மீதியைத் தீபாவளி கழித்துப் பார்ப்போம்" என்று ஒரு குரல் செய்தியும் வந்தது. தீபாவளி போய்விட்டது. படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

சட்டகத்தை என்ன செய்வது? எப்பாக்சிப் பிசின் ஊற்றித் தளத்தைச் சமன் செய்யலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது தெரிந்தவர்கள் செய்யும் நல்ல வழிதான். ஆனால் இனி இரும்பின் மேல் எதையும் பூச எனக்கு மனம் வரவில்லை. புக்கிட் மின்யாக்கில் பெரிய மில்லிங் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு சீனர் பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் சட்டகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முனைத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உலைக்குப் போகாமல் தன் இயந்திர மேசையில் ஏறாது என்று மலாயில் சொன்னார். "இப்போது சீவினால் பிடிப்பைத் தளர்த்தியதும் அது தன் இஷ்டத்துக்குப் போகும். பிறகு நீ என்னைத் திட்டுவாய்." அவரே ஒவ்வோர் அடைத்த குழாயிலும் 6 மில்லிமீட்டர் துளை போட்டார். பணத்தை முன்கூட்டிக் கேட்கவில்லை.

உலைக்கும் மில்லிங்குக்கும் சேர்த்து 2,350, லோரிக்கு இரண்டு நடை 300. பெயிண்ட் இல்லை. மில்லிங் முடிந்து பிடிப்பைத் தளர்த்திய பிறகு, இயந்திரத்தின் மேலேயே வைத்து டயல் கேஜை என் கையில் கொடுத்து "நீயே ஓட்டு" என்றார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இரண்டு தளத்திலும், முள் 0.04-க்கு மேல் அசையவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, ஏற்றுவதற்கு முன்னால் கேன்ட்ரி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாம்பலும் நீலமுமாய்ச் சுவர். 7 இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை.