டெரியரும் பி வகுப்பும்: இரு குட்டி டாங்க் எஞ்சின்கள்

இங்கிலாந்தின் லண்டன் பிரைட்டன் ரயில்வேயின் வடிவமைப்பாளர் வில்லியம் ஸ்ட்ரவுட்லி 1872 முதல் 1880 வரை 50 டெரியர் எஞ்சின்களைக் கட்டினார்; இவை தமக்கான நீரைத் தாமே சுமக்கும் சிறிய நீராவி ‘டாங்க்’ எஞ்சின்கள். தென்கிழக்கு சாத்தம் ரயில்வேக்காக ஹாரி வெயின்ரைட் 1909–10இல் ஆஷ்ஃபோர்டில் கட்டியவையோ எட்டே பி வகுப்பு எஞ்சின்கள். இரண்டிலும் மூன்று இணை சக்கரங்கள், பக்கவாட்டில் நீர்த்தொட்டி; டெரியரின் தாக்கம் பி வகுப்பில் தெளிவாகத் தெரிகிறது.

வேறுபாடு வேலையில் இருந்தது. அடுத்தடுத்து நிலையங்கள் நெருங்கியிருந்த தெற்கு லண்டன் பாதையில் பயணிகள் வண்டியை விரைவாக வேகமெடுக்கச் செய்வதற்கென்றே டெரியர் பிறந்தது. நகரத்தில் அதன் வேலை குறைந்தபின், எடை குறைவு என்ற ஒரே குணத்தால் கிளைப்பாதைகளில் அதற்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. கனமான எஞ்சினைத் தாங்காத லாங்ஸ்டோன் மரப்பாலத்தைக் கடந்து, தென் இங்கிலாந்தின் ஹேலிங் தீவுப் பாதை 1963இல் மூடப்படும்வரை வண்டிகளை இழுத்தவை இவையே.

பி வகுப்போ சிக்கனமான கிளைப்பாதைச் சேவைக்காக, ஒன்றிரண்டு பெட்டிகளுடன் ஓடவே வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் சுமை கூடினால் அதன் வலு போதவில்லை. எனவே விரைவிலேயே துறைமுகங்களிலும் பணிமனைகளிலும் பெட்டிகளை நகர்த்தும் வேலைக்கு ஒதுங்கியது. முதல் உலகப்போரில் இரண்டு எஞ்சின்கள் பிரான்சுக்கும் சென்றன.

என் தேர்வு டெரியர்தான்: 37 ஆண்டுகள் முந்திய வடிவமைப்பு தன் வாரிசைவிடப் பரந்த பணிகளுக்கு ஈடுகொடுத்தது. ஆயினும் எஞ்சியவற்றின் விகிதத்தில் பி வகுப்பே முந்துகிறது. டெரியர்களில் 50க்குப் பத்தும், பி வகுப்பில் எட்டுக்கு நான்கும் பாதுகாக்கப்பட்டுள்ளன.